மூன்றாம் தரப்பு ஊர்திக் காப்பீடு

மூன்றாம் தரப்பு ஊர்திக் காப்பீடு என்பது, ஓர் ஊர்தியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, உடற்காயம், உடைமைச் சேதம் ஆகியவற்றுக்கு அவ்வூர்தியின் உரிமையாளர் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் ஆகும். இந்தியாவில் பொது இடங்களில் ஓட்டப்படும் இயந்திர ஊர்திகளுக்கு, அரசு ஊர்திகள் சிலவற்றைத் தவிர, இக்காப்பீடு கட்டாயமானது. சட்டம் கேட்கும் குறைந்த அளவுக் காப்பீடு இதுவே என்பதால் நீதிமன்றத் தீர்ப்புகளில் இது 'சட்டக் காப்பீடு' (ஆக்ட் பாலிசி) என்றும், பேச்சு வழக்கில் 'தேர்டு பார்ட்டி இன்சூரன்சு' என்றும் குறிப்பிடப்படுகிறது. இலங்கைத் தமிழில் காப்பீடு என்பது காப்புறுதி எனப்படும்.

இக்காப்பீடு ஊர்தியால் பாதிக்கப்படும் வெளியாரைக் காப்பதற்காக ஏற்பட்டது. கட்டணம் செலுத்தும் உரிமையாளரின் ஊர்தியையோ அவரது உடலையோ அவருடன் பயணம் செய்யும் குடும்பத்தினரையோ இது தானாகக் காப்பதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் 'வண்டிக்கு இன்சூரன்சு இருக்கிறது' என்று நம்பியிருப்பவர்கள், விபத்து நேர்ந்த பின்னரே உண்மை நிலையை அறிகின்றனர்.

பெயர்க்காரணம்

காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஊர்தி உரிமையாளர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு. ஒப்பந்தத்தில் பங்கு பெறாத, ஆனால் ஊர்தியால் பாதிக்கப்படக்கூடிய வெளியார் மூன்றாம் தரப்பு ஆவர். சாலையில் நடந்து செல்பவர், எதிரே வரும் ஊர்தியில் இருப்பவர், சாலையோரக் கடையின் உரிமையாளர் ஆகியோர் இதில் அடங்குவர்.

வரலாறு

பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. விபத்தை ஏற்படுத்தியவரிடம் பணம் இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத் தீர்ப்பால் பயனில்லை என்பதே இதற்குக் காரணம். இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இக்கருத்தை ஏற்றது. அதன் காப்பீட்டுப் பகுதி 1946 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டு 1989 சூலை 1 முதல் செயற்படுகிறது. 2019இல் இச்சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது. காப்பீடு பற்றிய திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இச்சட்டத்தின் 146ஆம் பிரிவு காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. 147ஆம் பிரிவு அக்காப்பீட்டில் அடங்க வேண்டியவற்றைக் கூறுகிறது. காப்பீடு இல்லாமல் ஊர்தி ஓட்டுபவருக்கு 196ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றம் செய்தால் தண்டம் 4,000 ரூபாய் ஆகும்.

குறைந்த அளவுக் காப்பீடு தரும் பாதுகாப்பு

இந்தியாவில் மூன்றாம் தரப்பினரின் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் இக்காப்பீடு தரும் பாதுகாப்புக்குத் தொகை வரம்பு இல்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு இழப்பீடு விதித்தாலும் காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டும். இத்தொகை எவ்வளவு பெரிதாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் வகுத்த கணக்கீட்டு முறையைக் கொண்டு அறியலாம்.

எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 30 அகவையுடைய சுயதொழில் செய்பவர் ஒருவர் விபத்தில் இறந்தார் என்றும், மனைவி, இரு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர் என்றும் கொள்வோம்.

- எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க, மாத வருவாய் 21,000 ரூபாய்.
- இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழிக்க, 15,750 ரூபாய்.
- இதன் ஆண்டுத் தொகை 1,89,000 ரூபாய்.
- 26 முதல் 30 வரையான அகவைக்குரிய பெருக்கெண் 17 ஆகும். இதனால் பெருக்க, 32,13,000 ரூபாய்.

ஈமச்செலவு போன்ற இனங்களும் வட்டியும் இதனுடன் சேரும். காப்பீடு அறவே இல்லாதவர் இத்தொகையைத் தம் நிலத்தையோ வீட்டையோ விற்றுக் கட்ட நேரிடும். எனவே குறைந்த அளவுக் காப்பீடு பயனற்றது என்று கூற முடியாது. அதன் குறைகள் வேறிடத்தில் உள்ளன.

காப்பீட்டில் அடங்காதவை

சொந்த ஊர்தியின் சேதம்

மோதல், கவிழ்தல், தீ, திருட்டு, வெள்ளம், புயல் ஆகியவற்றால் சொந்த ஊர்திக்கு ஏற்படும் இழப்பு எதுவும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் அடங்காது. 2015 திசம்பரில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏற்பட்ட வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் பெருமளவு ஊர்திகள் நீரில் மூழ்கின. இத்தகைய இழப்புகளுக்குச் சொந்தச் சேதக் காப்பீடு வைத்திருப்பவர்களே இழப்பீடு கோர இயலும். கடனில் வாங்கிய ஊர்தி திருடப்பட்டாலும் கடன் தவணைகள் நிற்பதில்லை.

உரிமையாளரின் உயிரும் உடலும்

உரிமையாளர் தாமே ஓட்டிச் சென்று மரத்தில் மோதினால் அங்கு மூன்றாம் தரப்பு என்று எவரும் இல்லை. இக்குறையை ஓரளவு நீக்க உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு உள்ளது. முன்பு இதன் தொகை இரு சக்கர ஊர்திக்கு ஒரு இலட்சமாகவும் மகிழுந்துக்கு (கார்) இரண்டு இலட்சமாகவும் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2018 செப்டம்பரில் இதை 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. அப்போது இதற்கான ஆண்டுக் கட்டணம் 750 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இத்தொகை உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. எலும்பு முறிவுக்கான மருத்துவமனைச் செலவு இதில் கிடைக்காது. உரிமையாளரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருப்பதும் இதற்கு இன்றியமையாதது.

இரவல் ஊர்தி ஓட்டுபவர்

நண்பரின் ஊர்தியை இரவல் வாங்கி ஓட்டுபவர் சட்டத்தின் பார்வையில் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகக் கருதப்படுகிறார். இரவல் வாங்கிய இரு சக்கர ஊர்தியில் சென்றவர், முன்னே சென்று திடீரென நின்ற மாட்டு வண்டியில் மோதி இறந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2009இல் இக்கருத்தை வலியுறுத்தியது. 2020இல் வேறொரு வழக்கிலும் இதே நிலைப்பாடு எடுக்கப்பட்டது. எனவே இரவல் ஊர்தியை ஓட்டித் தாமே விபத்துக்குக் காரணமாகிறவர், அவ்வூர்தியின் காப்பீட்டிடம் மூன்றாம் தரப்பினராக இழப்பீடு கோர இயலாது.

பின்னிருக்கையில் இருப்பவரும் மகிழுந்துப் பயணிகளும்

தனியார் ஊர்தியில் கட்டணமின்றி உடன் பயணிப்பவர் சட்டக் காப்பீட்டில் அடங்குவதில்லை. இரு சக்கர ஊர்தியின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவருக்குச் சட்டக் காப்பீட்டின் கீழ் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. மாறாக, முழுமைக் காப்பீடு (பேக்கேஜ் பாலிசி) பின்னிருக்கைப் பயணியையும் மகிழுந்தில் இருப்போரையும் உள்ளடக்கும் என்று காப்பீட்டு ஆணையம் 2009 நவம்பர் 16 அன்று சுற்றறிக்கை வழியாகத் தெளிவுபடுத்தியது. 2012இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுச் சட்டக் காப்பீட்டையும் முழுமைக் காப்பீட்டையும் வேறுபடுத்திக் காட்டியது.

சரக்கு ஊர்தியில் செல்பவர்

சரக்கு ஊர்தியில் சரக்கின் உரிமையாளரோ அவரது பிரதிநிதியோ செல்லும்போது, 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவர் காப்பீட்டில் அடங்குவார். ஊர்தி உரிமையாளரின் பணியாளர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் திருமணம், துக்க நிகழ்ச்சி, கோயில் திருவிழா ஆகியவற்றுக்குச் சுமை ஊர்தியில் ஏறிச் செல்பவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்பது உச்ச நீதிமன்றம் 2002 திசம்பரில் வழங்கிய தீர்ப்பின் விளைவாகும்.

பிறர் உடைமைச் சேதம்

பிறரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் வரம்பு இல்லை எனினும் உடைமைச் சேதத்துக்கு வரம்பு உண்டு. 2002ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி இது மகிழுந்துக்கும் வணிக ஊர்திக்கும் 7.5 இலட்சம் ரூபாயாகவும், இரு சக்கர ஊர்திக்கு ஒரு இலட்சம் ரூபாயாகவும் அமைந்தது. சிறு கட்டணக் கழிவுக்காக இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் அவ்விதிகள் இடமளித்தன. அவ்வாறு குறைத்தவர் விலையுயர்ந்த மகிழுந்தின் மீது மோதினால் 6,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை முழுவதையும் தாமே செலுத்த வேண்டும்.

கொடுத்துவிட்டு மீட்டல்

காப்பீடு நடப்பில் இருந்தாலும் அதன் நிபந்தனைகள் மீறப்பட்டால் சுமை உரிமையாளர் மீது திரும்பலாம். உரிமம் இல்லாதவரிடம் ஊர்தியைக் கொடுத்தல், சொந்தப் பயன்பாட்டு ஊர்தியை வாடகைக்கு விடுதல், போதையில் ஓட்டுதல் ஆகியவை இத்தகைய மீறல்களாகும். உச்ச நீதிமன்றம் 2004 சனவரியில் வழங்கிய தீர்ப்பின்படி, உரிமம் தொடர்பான மீறலைக் காட்டி மட்டும் நிறுவனம் மூன்றாம் தரப்பினரிடமிருந்து விலகிக்கொள்ள முடியாது. அம்மீறலுக்கு உரிமையாளரே காரணம் என்பதை நிறுவனம் மெய்ப்பித்தால், தீர்ப்பாயம் தொகையை முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் செய்து, பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நிறுவனத்துக்கு உரிமை வழங்கலாம். மகனுக்கு உரிமம் எடுக்கும் முன்பே ஊர்தியைக் கொடுக்கும் பெற்றோர் ஏற்கும் இடர் இதுவே ஆகும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணை

சட்டக் காப்பீட்டின் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த வழக்கொன்று தமிழ்நாட்டில் எழுந்தது. விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு ஈரோட்டிலுள்ள தீர்ப்பாயம் 2019இல் சுமார் 14.65 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அவ்வூர்திக்கு இருந்தது சட்டக் காப்பீடு மட்டுமே என்றும், அது ஊர்தியில் இருப்பவர்களை உள்ளடக்காது என்றும் காப்பீட்டு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. நீதியரசர் எசு. வைத்தியநாதன் 2021 ஆகத்து 4 அன்று இவ்வாதத்தை ஏற்று இழப்பீட்டு ஆணையை நீக்கினார்.

ஊர்தி விற்கப்படும்போது காப்பீட்டின் விதிகளும் அவற்றின் முதன்மையும் வாங்குபவருக்குத் தெளிவாக எடுத்துரைக்கப்படுவதில்லை என்று அவர் வருத்தம் தெரிவித்தார். 2021 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய ஊர்திகளுக்கு, ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் ஆகியோரை உள்ளடக்கிய முழுமையான காப்பீடு ஐந்தாண்டுகளுக்குக் கட்டாயம் என்றும் ஆணையிட்டார். நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதை அடுத்து இப்பொது ஆணை 2021 செப்டம்பர் 13 அன்று திரும்பப் பெறப்பட்டது. சட்டமியற்றுவோர் இதைக் கவனிப்பர் என்ற நம்பிக்கையையும் நீதிமன்றம் தெரிவித்தது. ஆகவே முழுமைக் காப்பீடு எடுப்பது இன்றும் உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததே ஆகும்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டச் சூழல்

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெந்து ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. கல் ஏற்றிச் செல்லும் சரக்குந்துகள் (லாரி), கரும்பு ஏற்றிய இழுவைகள் (டிராக்டர்), பேருந்துகள், இரு சக்கர ஊர்திகள் ஆகியவை இங்கு ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலை அரியலூர் மாவட்டத்தின் ஊடாகவும், திருச்சி–சென்னை நெடுஞ்சாலை பெரம்பலூர் மாவட்டத்தின் ஊடாகவும் செல்கின்றன. ஊர்திப் பதிவு எண்கள் அரியலூருக்கு டிஎன் 61 என்றும் பெரம்பலூருக்கு டிஎன் 46 என்றும் தொடங்கும்.

அரியலூர் மாவட்டத்திலுள்ள விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவர் தம் மனைவியைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு அரியலூருக்குச் செல்வதாகக் கொள்வோம். அவரது இரு சக்கர ஊர்திக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ளது. விபத்து எவ்வாறு நேர்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

1. சரக்குந்தின் தவறால் மோதல் நேர்ந்தால், கணவன், மனைவி இருவரும் அச்சரக்குந்துக்கு மூன்றாம் தரப்பினர் ஆவர். இருவருக்குமான இழப்பீட்டையும் ஊர்திச் சேதத்தையும் சரக்குந்தின் காப்பீட்டிடம் கோரலாம்.

2. இருவர் பக்கமும் தவறு இருந்தால், கணவருக்குரிய தொகை அவரது தவறின் விகிதத்துக்கு ஏற்பக் குறையும்.

3. குறுக்கே வந்த ஆட்டைத் தவிர்க்க முயன்று கணவர் தாமே கீழே விழுந்தால், எதிர்த்தரப்பு ஊர்தி எதுவும் இல்லை. கணவர் இறந்தால் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் மட்டுமே குடும்பத்துக்குத் தொகை கிடைக்கும். மனைவி காயமடைந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. மருத்துவச் செலவும் ஊர்தியைப் பழுதுபார்க்கும் செலவும் குடும்பத்தையே சேரும்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தின் தீர்ப்பாயத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்துக்கோ எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடத்துக்கோ உரிய தீர்ப்பாயத்திலும் அளிக்கலாம். எனவே வெளியூரில் விபத்தில் சிக்கியவர் சொந்த மாவட்டத்திலேயே வழக்கு நடத்த இயலும். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் சேர்க்கப்பட்டது. இவ்விதி உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது எனினும், மனுவைக் காலம் தாழ்த்தாமல் அளிப்பதே பாதுகாப்பானது.

இரண்டு முடிவு நாட்கள்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எசு. இராசசேகரன் தொடர்ந்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 சூலையில் முக்கியமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. இதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய மகிழுந்துகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கும், புதிய இரு சக்கர ஊர்திகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுக்கப்பட வேண்டும்.

ஆனால் இவற்றுடன் சேர்த்து வழங்கப்படும் சொந்தச் சேதக் காப்பீடு பொதுவாக ஓராண்டுக்கு உரியது. ஆகவே ஒரே ஆவணத்தில் இரண்டு முடிவு நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். பிந்திய நாளை மட்டும் பார்ப்பவர், ஓராண்டு முடிந்ததும் தாம் அறியாமலேயே குறைந்த அளவுக் காப்பீட்டுக்கு இறங்கிவிடுகிறார். 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாகவும் பெறலாம். இடைவெளி ஏற்பட்டால் நிறுவனம் ஊர்தியை நேரில் ஆய்வு செய்த பின்னரே மீண்டும் காப்பீடு வழங்கும். இடைவெளி 90 நாட்களைக் கடந்தால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த கட்டணக் கழிவும் இழக்கப்படும்.

பழைய ஊர்தியை வாங்கும்போதும் இத்தகைய நிலை உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறியதாகச் சட்டம் கருதுகிறது. சொந்தச் சேதக் காப்பீடு அவ்வாறு தானாக மாறுவதில்லை. ஊர்தி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர் மாற்றம் கோர வேண்டும்.

கட்டணம்

மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் கட்டணம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக நிர்ணயிக்கப்படுகிறது. 2022 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆண்டுக் கட்டணங்களுள் சில (வரி நீங்கலாக):

- 75 முதல் 150 வரை கன செ.மீ. இரு சக்கர ஊர்தி: 714 ரூபாய்
- 150 முதல் 350 வரை கன செ.மீ. இரு சக்கர ஊர்தி: 1,366 ரூபாய்
- 1,000 கன செ.மீ. வரையான மகிழுந்து: 2,094 ரூபாய்
- 1,000 முதல் 1,500 வரை கன செ.மீ. மகிழுந்து: 3,416 ரூபாய்
- 1,500 கன செ.மீ. மேற்பட்ட மகிழுந்து: 7,897 ரூபாய்

சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணம் ஊர்தியின் மதிப்பைப் பொறுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஊர்தியின் மதிப்பு அகவைக்கு ஏற்பக் குறைக்கப்படுகிறது. நான்கு ஆண்டு கடந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட ஊர்திக்குத் தேய்மானம் 50 விழுக்காடு ஆகும்.

குறைந்த அளவுக் காப்பீடு பொருந்தும் நிலை

பல ஆண்டு பழமையான, சந்தை மதிப்பு குறைந்த, அரிதாகப் பயன்படுத்தப்படும் ஊர்திக்குச் சொந்தச் சேதக் காப்பீடு எடுப்பது செலவுக்கு ஏற்ற பயன் தராமல் போகலாம். ஊர்தி முழுவதும் அழிந்தாலும் அந்த இழப்பைத் தாங்க முடியும் என்னும் உரிமையாளருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு போதுமானது. அந்நிலையிலும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீட்டையும், கூடுதல் கட்டணத்தில் பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏனெனில் பழைய ஊர்தியின் மதிப்பு குறைவதுபோல் அதில் பயணம் செய்வோர் உயிரின் மதிப்பு குறைவதில்லை.

முழுமைக் காப்பீடும் எல்லாவற்றையும் உள்ளடக்குவதில்லை. இயல்பான தேய்மானம், போதையில் ஓட்டியதால் ஏற்பட்ட சேதம் ஆகியவை அதில் அடங்கா. வெள்ள நீர் புகுந்த இயந்திரத்தை மீண்டும் இயக்க முயன்றதால் ஏற்படும் பழுதுக்குப் பொதுவாகத் தனிக் கூடுதல் காப்பீடு தேவைப்படும்.

காப்பீடு சாராத பாதுகாப்புகள்

மோதிய ஊர்தி அடையாளம் தெரியாமல் தப்பினால், உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் சட்டத்தின் 161ஆம் பிரிவின்கீழ் வழங்கப்படுகின்றன. தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது. நடுவண் அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை 1.5 இலட்சம் ரூபாய் அளவுக்குப் பணமில்லாச் சிகிச்சை பெறலாம். இவை உயிர் காக்கும் முதலுதவிக்கானவை. நீண்ட காலச் சிகிச்சையையும் வருவாய் இழப்பையும் இவை ஈடுசெய்வதில்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் குறைந்த அளவுக் காப்பீட்டை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரையறுக்கிறது. அங்கு உடற்காயத்துக்கும் வரம்பு உண்டு. கலிபோர்னியாவில் ஒருவர் காயத்துக்கான குறைந்த அளவு 15,000 டாலராகப் பல பத்தாண்டுகள் நீடித்து, 2025 சனவரி 1 முதல் 30,000 டாலராக உயர்த்தப்பட்டது. வரம்புக்கு மேற்பட்ட இழப்பீட்டுக்கு ஓட்டுநரே பொறுப்பாவார். இந்தியாவில் வெளியாரின் காயத்துக்கு வரம்பு இல்லை. ஆயின் உரிமையாளரும் உடன் செல்வோரும் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றனர். ஆகவே ஒரு நாட்டின் காப்பீட்டு அறிவுரையை மற்றொரு நாட்டுக்கு அப்படியே பொருத்துவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

இவற்றையும் காண்க

- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்
- இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்
- அரியலூர் மாவட்டம்